இலங்கை மலைநாட்டில் நம் தொழிலாளர் நிலைபெற்ற காரணம்

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டுச் செல்வோர், கூலி அதிகமுள்ள இடத்திலேயே குடியேறுவர் என்பது பொதுவான அபிப்பிராயம். ஆட்களை இழுப்பது கூலியே. ஆயினும் அவர்களை ஓரிடத்தில் நிறுத்துவது பெரும்பாலும் வேறு. அக்காலத்துச் சென்னை ராஜதானியின் தென் ஜில்லாக்களிலிருந்து இலங்கை சென்றவர்களின் சரித்திரம் இதற்குச் சான்றாகும்.

19-ம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டிப் பிரதேசத்துக் குன்றுகளில் காப்பித் தோட்டங்கள் ஏற்பட்டன. சிங்களக் குடியானவர்களுக்குச் சொந்த வயல்கள் இருந்தபடியால், அவர்கள் தோட்டக் கூலிக்கு நிலையாக நிற்க விரும்பவில்லை. ஆகவே துரைமார் அக்கரையிலிருந்து ஆட்களை வருவித்தனர். திருச்சினாப்பள்ளி, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய ஜில்லாக்களிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் வாந்திபேதியால் மாண்டவர் பலர். இத்துணைத் துன்பப்பட்டுச் சென்றும் பெரும்பாலோர் அங்குத் தங்கவில்லை. காப்பிப் பழம் பறிப்பது சில மாத வேலையே; அது தீர்ந்ததும் ஊர் திரும்பினர்.

1869-ல் கண்ட இலைத்துரு நோய் சுமார் 20 வருஷத்தில் காப்பியை அழித்தது. அவ்விடத்தில் தேயிலை பரவிற்று. இதன் இயல்பே வேறு. வருஷ முழுவதும், ஏறக்குறைய வாரந்தோறும், கொழுந்து கிள்ளியாக வேண்டும். அதற்குப் பெண்களின் கையே உகந்ததென்று துரைமார் கருதினர். எனவே தனியாட்களுக்குப் பதில் குடும்பங்கள் வந்தன. லயத்து அறைகளில் குழந்தைகள் பிறந்தன. ஊர் திரும்பும் பருவம் என்பதே இல்லாதொழிந்தது. நுவரெலியா, பதுளை, கண்டிப் பகுதிகளில் நம்மவர் மிகுந்ததற்கு இதுவே முதற்காரணம். தாழ்நாட்டுத் தென்னந்தோப்புகளுக்கு அத்தனை ஆட்கள் வேண்டியதில்லை.

கங்காணி தன் ஊராரையும் உறவினரையுமே முன்பணம் கொடுத்து அழைத்துவந்தபடியால், ஒரு தோட்டத்தில் ஒரே கிராமத்தார் பலர் சேர்ந்தனர். மாரியம்மன் கோயிலும் உடன் வந்தது. ஆனால் அம்முன்பணமே தளையுமாயிற்று. 'துண்டு' முறைப்படி, புதிய துரை கடனைத் தீர்த்தாலன்றிக் கடன்பட்டவன் இடம் மாற இயலாது. 1921-ல் இம்முறை நீக்கப்பட்டது. ஆகையால் தங்கியவரெல்லாம் மனமுவந்தே தங்கினர் என்பது நியாயமாகாது.

1948-ம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964-ல் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. திரும்பியவரிற் பலருக்கு மூதாதையரின் கிராமத்தில் நிலமுமில்லை, அறிந்தவருமில்லை. அவர்கள் பொருட்டு 1968-ல் அரசாங்கத்தார் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கினர். கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் பலர் மறுபடியும் கொழுந்து கிள்ளக் குடியேறினர்.