மோட் பழக ஒன்றே ஒன்றில் தொடங்குங்கள்

வியூக விளையாட்டுகளில் மோட் சேர்த்து ஆட ஆசைப்படும் புதியவருக்குக் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒரு பட்டியல்தான்: இந்தப் பத்தை இறக்கிக்கொள், அந்தப் பதினைந்தையும் சேர்த்துக்கொள். கேமை உருவாக்கிய நிறுவனம் செய்யாமல், அதை ஆடுகிறவர்களே செய்து மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் மாற்றங்களைத்தான் மோட் என்கிறோம். அவற்றில் பத்தை ஒரே மூச்சில் சேர்த்துவிட்டால் எது எதை மாற்றியது என்று பிடிபடாது. கோளாறு வந்தால் எதை எடுப்பது என்றும் புரியாது. ஒரே ஒரு மோடில், அதுவும் திரையில் தெரிவதை மட்டும் மாற்றும் ஒன்றில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. கேமின் விதிகளை உள்ளிருந்து கற்றுக்கொள்ள மோடைவிட நல்ல வழி இல்லை. கற்க வேண்டுமானால் ஒவ்வொன்றாகத்தான் முடியும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கேமை வைத்தே இதைப் பார்க்கலாம்.

மோட் செய்தவர்கள் ஒரு கேமின் போக்கையே திருப்பியதற்கு இது நல்ல சான்று. அமெரிக்காவின் என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கிய இந்தக் கேமை 1999-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டபோது அதில் 13 நாகரிகங்கள் இருந்தன. மறு ஆண்டு வந்த கான்கரர்ஸ் தொகுப்பு மேலும் ஐந்தைச் சேர்த்தது. ஜப்பானியர், மங்கோலியர், மாயர் எல்லோரும் இருந்தார்கள். பாரசீகர்களுக்கு யானைப்படைகூட இருந்தது. இந்தியர்கள் மட்டும் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் ரசிகர்கள். 2012 டிசம்பரில் ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற இலவச மோடை வெளியிட்டார்கள். அதில் இருந்த ஐந்து புதிய நாகரிகங்களில் இந்தியர்களும் உண்டு. மறு ஆண்டே அது அதிகாரபூர்வத் தொகுப்பாக விற்பனைக்கு வந்தது. மோட் செய்த குழு நிறுவனமாகி, 2019-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்தது. 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா தொகுப்பு, ‘இந்தியர்’ என்ற ஒற்றை அடையாளத்தைப் பிரித்து, திராவிடர், வங்காளியர், கூர்ஜரர் என்று தனித்தனி நாகரிகங்களைத் தந்தது. திராவிடர் படையில் உருமி என்ற சுருள்வாள் ஏந்திய வீரர்கள் உண்டு. அவர்கள் பேசுவது தமிழ். ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடிப் பார்க்கத் தனிக் கதைத்தொடரும் உண்டு. இந்த வரிசையைப் பின்னோக்கித் தொடர்ந்து போனால், சம்பளமில்லாமல் சில ரசிகர்கள் செய்த அந்த 2012 மோடில் போய் நிற்போம்.

இப்போது தொடக்கத்துக்கு வருவோம். டெஃபினிட்டிவ் எடிஷனில் மோட் தேட வெளியே எங்கும் போக வேண்டாம். முகப்புப் பக்கத்திலேயே அதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, பிடித்ததைத் தேர்ந்தெடுத்தால் அது தானாக இறங்கிக்கொள்ளும். வேண்டாத நேரத்தில் அணைத்தும் வைக்கலாம். பலரும் முதலில் எடுப்பது மரங்களைச் சிறிதாக்கும் மோட். இந்தக் கேமில் காடுகள் அடர்ந்து உயர்ந்திருக்கும். மரம் வெட்டும் கிராமவாசியும் அவனைத் தாக்க வரும் எதிரி வீரனும் கிளைகளுக்குப் பின்னால் மறைந்துபோவார்கள். மரத்தின் படத்தைச் சிறிதாக்கிவிட்டால் இருவரும் கண்ணில் படுவார்கள். மரத்தில் கிடைக்கும் கட்டையின் அளவோ அது அடைத்திருக்கும் இடமோ மாறுவதில்லை. தரையில் கட்டம் போட்டுக் காட்டும் மோட்களும் இப்படித்தான். வீடு இரண்டுக்கு இரண்டு கட்டம், நகர மையம் நான்குக்கு நான்கு, வில்லாளியின் அம்பு பாயும் தூரம் நான்கு கட்டம், காவல் கோபுரத்துக்கு எட்டு என்ற கணக்கெல்லாம் முன்பும் அங்கேதான் இருந்தது. கோடு விழுந்த பிறகு அது கண்ணுக்குத் தெரிகிறது. தன் வில்லாளிகள் ஏன் கோபுரத்தின் அருகே போகும்போதே சாகிறார்கள் என்று குழம்பிய புதியவருக்கு, எண்ணிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

விதிகளையே மாற்றும் டேட்டா மோட்கள் அடுத்த கட்டம். எந்த வீரனுக்கு எவ்வளவு உயிர், எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு கல் என்பதெல்லாம் கேமில் ஒரே பெரிய டேட்டா ஃபைலில் எண்களாக அடங்கியிருக்கிறது. இவ்வகை மோட்கள் பொதுவாக அந்த ஃபைல் முழுவதையும் மாற்றிவைக்கும். இரண்டை ஒன்றாகப் போட்டால் ஒன்று மற்றதை அழிப்பது அதனால்தான். நிறுவனம் புதிய அப்டேட் வெளியிடும்போது பழைய டேட்டா மோட் பழைய எண்களோடு பின்தங்கிவிடும். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பார்த்து எடுப்பது நல்லது. ஒவ்வொரு தொழில்நுட்பத்தையும் 256 முறை ஆராய்ந்தால் வரும் பலனைத் தரும் மோட் ஒன்று வெகு பிரபலம். கொண்டாட்டமாக ஆடலாம், ஆனால் மூல விதி தெரியாதவருக்கு அதில் எது விபரீதம் என்றே தெரியாது. மோட் இல்லாத கேமைச் சில வாரங்களாவது ஆடிவிட்டு இதற்கு வாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. தரவரிசைப் போட்டிகளில் டேட்டா மோட்களுக்கு இடமே இல்லை. நண்பர்களோடு ஆடும்போதும் ஆட்டத்தை நடத்துபவர் தேர்ந்தெடுத்த டேட்டா மோட் எல்லோருக்கும் ஒன்றேபோல் பொருந்தும். ஒருவர் மட்டும் ரகசியமாகச் சலுகை பெற வழியில்லை. சிறிய மரம் ஒருவருக்குச் சற்றே கைகொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது, தேர்ந்த போட்டியாளர்களே பயன்படுத்துகிறார்கள். பாதுகாப்பைப் பொறுத்தவரை, கேமுக்குள்ளிருந்து இறக்குபவை பெரும்பாலும் படம், ஒலி, எண் அட்டவணைகள்தாம். முன்பின் தெரியாத இடத்திலிருந்து இறக்கி, தனி மென்பொருளாக இயக்கச் சொல்லும் எதையும் தொடக்கநிலையில் தொடாதீர்கள்.

இன்னொரு ஆட்சேபத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ரசிகர்கள் கூலியின்றி உழைக்கிறார்கள், கேம் விற்ற பணம் நிறுவனத்துக்குப் போகிறது. இது நியாயமான கேள்வி. மைக்ரோசாஃப்ட்டின் விதிகளின்படி ரசிகர் படைப்புகளை விற்கவும் கூடாது. சில நேரங்களில் உழைப்புக்குப் பலன் கிடைப்பதும் உண்டு: எக்ஸ்காம் கேமுக்கு லாங் வார் என்ற மோடைச் செய்த குழுவுக்கு, 2016-இல் வந்த எக்ஸ்காம் 2-க்காக, அதை உருவாக்கிய ஃபிராக்ஸிஸ் நிறுவனமே வேலை கொடுத்தது. ஃபர்காட்டன் எம்பயர்ஸ் கதையும் அந்த வகைதான். ஆனால் அப்படிப்பட்ட வாய்ப்பு வெகு சிலருக்கே அமைகிறது. மற்றவர்களுக்குக் கிடைப்பது பயன்படுத்துகிறவர்களின் அங்கீகாரம் மட்டும்தான். மோடை எடுத்து ஆடுகிறவர், அது உடைந்திருந்தால் எந்த அப்டேட்டுக்குப் பிறகு, எங்கே உடைந்தது என்று செய்தவருக்கு எழுதித் தெரிவிப்பது குறைந்தபட்சக் கடன்.

கொஞ்சம் பழகியபின் சொந்தமாகவே ஒன்று செய்து பார்க்கலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. களம் வரைந்து காட்சி அமைக்கும் எடிட்டர் கேமோடு 1999 முதலே வருகிறது. விதிகளை மாற்ற, ரசிகர்கள் உருவாக்கிய அட்வான்ஸ்டு ஜீனி எடிட்டர் இருக்கிறது. மூல டேட்டா ஃபைலை நகலெடுத்து, நகலில் ஒரே ஓர் எண்ணை மாற்றுங்கள்: கிராமவாசியின் விலை 50 உணவு, அதை 25 ஆக்குங்கள். ஆட்களின் எண்ணிக்கை இரு மடங்கு வேகத்தில் பெருகும் என்று தோன்றும், பெருகாது. ஒரு நகர மையம் ஒரு கிராமவாசியை உருவாக்க 25 நொடி எடுக்கிறது, விலை குறைந்தாலும் அந்த நொடிக்கணக்கு அப்படியே இருக்கும். மிச்சமாகும் உணவு தேங்கி, அடுத்த யுகத்துக்கு, அதாவது ஆட்டத்தின் அடுத்த வளர்ச்சிக் கட்டத்துக்கு, தாவத் தேவையான 500 உணவு முன்னதாகவே சேர்ந்துவிடும். எதிரிக்கும் இதே விலைதான் என்பதால் அவனும் முன்னதாகவே தாவலாம். பழைய 50-ஐத் திரும்ப வைத்து இன்னொரு முறை ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு கிராமவாசிக்கும் முன்னால் ‘இப்போது ஓர் ஆளா, சற்றுச் சீக்கிரமாக அடுத்த யுகமா’ என்று யோசிக்க வைப்பது அந்த எண்தான் என்பது அப்போது தெரியும்.