தானம் வேண்டாம், வேலை வேண்டும்: கட்ச் பெண்கள் காட்டிய வழி

குஜராத்தின் கட்ச் பகுதியை 1969-இல் கடும் வறட்சி வாட்டியது. தானேட்டி கிராமத்தில் இலவச உணவு வழங்கும் பணிக்குச் சென்ற சந்தாபென் ஷ்ராஃப், அம்மக்கள் தானத்தை அல்ல, வேலையையே விரும்புகின்றனர் என்பதை உணர்ந்தார். அங்குள்ள பெண்கள் திருமணச் சீர்வரிசைக்காகத் தலைமுறை தலைமுறையாக எம்பிராய்டரி செய்து வந்தவர்கள். அவர்களிடம் 30 சேலைகளை ஒப்படைத்தார். மும்பையில் நடைபெற்ற கண்காட்சியில் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. 'ஸ்ருஜன்' அமைப்பு உருவானது இவ்வாறுதான்.

துணியும் நூலும் வீடு தேடி வந்ததால், ஊரைவிட்டு வெளியே செல்ல இயலாத பெண்களும் சொந்தமாகச் சம்பாதிக்க முடிந்தது. இப்பணிக்காக 2006-இல் சந்தாபெனுக்கு ரோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது. கட்ச் எம்பிராய்டரிக் கலைக்கென அஜ்ரக்பூரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்ட 2016-ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். சீர்வரிசைக்கு மட்டுமே ஊசி பிடித்த கைகளுக்குக் கூலியோடு கலைஞர் என்ற மதிப்பையும் பெற்றுத் தந்ததே அவ்வமைப்பின் சாதனை.