மீண்டும் தொடங்கும் திறன்

கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட செம்மங்குப்பம் போன்ற ஊர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். விளையாட்டுத் திடலில் நீர் தேங்கும். காலை ஓட்டம் தடைப்படும். மழை ஓய்ந்தால் அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிடும். காய்ச்சலோ சுளுக்கோ சில நாள்களைப் பறித்துக்கொள்ளும். ஆண்டு முழுவதும் ஒரு நாளும் தவறாத பயிற்சி எவருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே, உடற்பயிற்சியில் உறுதி என்பது தடைப்பட்ட பின்னும் மீண்டும் தொடங்குதலே ஆகும்.

உடல் மறப்பதில்லை

பயிற்சியை நிறுத்தியதும் அதனால் பெற்ற பயன் அனைத்தும் உடனே அழிந்துவிடுவதில்லை. நெடுந்தூரம் ஓடும் ஆற்றல் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் குறையத் தொடங்கும். இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவு குறைவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தசை வலிமையோ மூன்று, நான்கு வாரங்கள் வரை பெரிதும் குறையாது நிற்கும். குறைந்தாலும், முன்பே பயின்ற தசை அதனை விரைவில் மீட்டுக்கொள்ளும்.

பழக்கமும் இத்தகையதே. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் இயல்பான பழக்கமாக மாற ஏறத்தாழ 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதும் பாதிக்கவில்லை. ஒரு நாள் தவறியவர் இழப்பது அந்த ஒரு நாளை மட்டுமே; ‘இனி என்ன பயன்?’ என்று கைவிடுபவரே அனைத்தையும் இழக்கிறார்.

தடையைக் கடந்தோர்

கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன், இந்திய மகளிர் கால்பந்து அணிக்காக ஆடிய நடுக்கள வீராங்கனை. 2020-இல் அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்தார். அவ்வாண்டு கொரோனா ஊரடங்கால் திடல்கள் மூடப்பட்டபோது, அவர் சென்னையில் காவல் பணியாற்றினார். பின்னர் மீண்டும் இந்திய அணிக்காகக் களமிறங்கினார்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவின் வலக்கால், அவருடைய ஐந்தாம் வயதில் பேருந்து மோதிச் சிதைந்தது. பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் ஊக்கத்தால் விளையாட்டில் வளர்ந்த அவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ போட்டியின் தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்தும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டிருந்தது. கொரோனா தொற்றாளருக்கு அருகில் பயணம் செய்ததால் தனிமைப்படுத்தப்பட்டு, அவ்வாய்ப்பை இழந்தார். போட்டியன்று பெய்த மழையில், பாதிக்கப்பட்ட காலில் அணிந்திருந்த காலுறை நனைந்து இடையூறானது. எனினும் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். 2024 மே மாதம் கோபே உலகப் போட்டியில் 1.88 மீட்டர் தாண்டித் தங்கமும், அதே ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலமும் வென்றார். தாண்டிய உயரம் ஏறியும் இறங்கியும் வந்தது. களத்திற்குத் திரும்புவதை அவர் நிறுத்தவில்லை.

மீண்டும் தொடங்கும் முறை

இடைவெளிக்குப் பின் முதல் நாளிலேயே பழைய அளவை எட்ட முயல்வது காயத்திற்கு வழிவகுக்கும். பாதி அளவில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்துவது நன்று. காய்ச்சல் உள்ளபோது ஓய்வே தேவை. காயம்பட்டால் மருத்துவரின் அறிவுரைக்குப் பின்னரே பயிற்சியைத் தொடர வேண்டும்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்வளவு இயலாத நாளில் சிறிதளவும் பயன் தரும் என்றும் அது கூறுகிறது. திடல் நனைந்திருந்தால், வழக்கமான அதே நேரத்தில் வீட்டுத் திண்ணையிலோ பள்ளித் தாழ்வாரத்திலோ பத்து நிமிடம் தண்டாலும் உட்கார்ந்தெழுதலும் செய்யலாம். ஓட்டம் நின்றாலும் பயிற்சிக்குரிய நேரம் நிலைக்கும். மார்கழியில் திடல் காயும்போது, அவ்வாறு பயின்ற மாணவர் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திற்குச் சற்றுப் பின்னிருந்து ஓடத் தொடங்கினால் போதும்.