புள்ளிவிவரத்துக்கு ஓர் இலக்கணம்

சூத்திரங்களால் அல்ல, இலவசமாகக் கொடுத்த கருவிகளால் பெயர் பெற்றவர் ஹாட்லி விக்கம். கருவி செய்வதும் அறிவியல்தானா என்ற பழைய கேள்விக்கு அவரது வாழ்க்கை ஒரு பதில். சிலருக்கு அது உவப்பான பதில் இல்லை.

புள்ளியியலாளர் என்றதும் இந்தியர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வரும் பெயர்கள் இரண்டு. ஒருவர் 1931-ல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ். இன்னொருவர் 2023-ல் தமது 102-வது வயதில் காலமான சி.ஆர். ராவ். ஒருவர் பெயரால் ஒரு 'தொலைவு' இருக்கிறது. மற்றவர் பெயரால் ஒரு 'எல்லை' இருக்கிறது. உலகெங்கும் மாணவர்கள் இரண்டையும் மனப்பாடம் செய்கிறார்கள். புள்ளியியலில் புகழ் என்றால் இப்படித்தான் என்று ஒரு வழக்கம்.

நியூஸிலாந்துக்காரரான ஹாட்லி விக்கமின் பெயரில் அப்படி எந்தச் சூத்திரமும் பாடப் புத்தகங்களில் இல்லை. ஆனால் 2019-ல், ஐந்து புள்ளியியல் சங்கங்கள் சேர்ந்து இளைய தலைமுறை ஆய்வாளர் ஒருவருக்கு ஆண்டுதோறும் தரும் 'தலைவர்கள் விருது' அவரைத் தேடி வந்தது. அவர் செய்ததெல்லாம் மென்பொருள். எவரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பத்திரிகை அலுவலகங்களிலும் மருந்து ஆய்வுக்கூடங்களிலும் அதை அன்றாடம் புழங்குபவர்களில் பலருக்கு இதைச் செய்தவர் யாரென்று தெரியாது. பிபிசியின் புள்ளிவிவரச் செய்திப் பிரிவு, தன் வரைபடங்களை இந்தக் கருவியைக் கொண்டே தயாரிப்பதாக 2019-ல் அறிவித்து, தன் செய்முறையையும் சேர்த்து வெளியிட்டது.

விக்கம் 1979-ல் ஹாமில்டன் நகரில் பிறந்தவர். தந்தை கால்நடை இனவிருத்தியில் முனைவர் பட்டம் பெற்றவர். எந்தக் காளையின் கன்று எவ்வளவு பால் தரும் என்பது முழுக்க முழுக்கப் புள்ளிவிவர சமாச்சாரம். ஆகவே அட்டவணைகள் வீட்டில் புதிதல்ல. பதின்பருவத்திலேயே மைக்ரோசாஃப்ட் அக்சஸில் தகவல் தொகுப்புகளை உருவாக்கப் பழகிவிட்டார். இருந்தாலும் முதலில் போனது மருத்துவம் படிக்க. டாக்டர் தொழில் தனக்கு ஒத்துவராது என்று தெரிந்ததும், மனித உயிரியல் பட்டத்தோடு அதை நிறுத்திக்கொண்டு, ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் புள்ளியியலுக்கும் கம்ப்யூட்டருக்கும் திரும்பினார்.

அது எந்தத் துறை என்பதும் முக்கியம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே ஆக்லாந்து புள்ளியியல் துறையில்தான் ரோஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரு ஆசிரியர்கள், மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக ஒரு கணினி மொழியை எழுதினார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸும் சகாக்களும் எழுபதுகளில் உருவாக்கிய 'எஸ்' என்ற மொழிதான் முன்மாதிரி. தங்கள் பெயர்களின் முதலெழுத்தையும், 'எஸ்' என்ற ஒற்றை எழுத்துப் பெயரையும் மனதில் வைத்து இதற்கு 'ஆர்' என்று பெயரிட்டார்கள். 1995-ல் அதைச் சுதந்திர மென்பொருளாக வெளியிட்டார்கள். புள்ளியியல் மென்பொருளுக்கு ஆண்டுதோறும் பெரும் உரிமத் தொகை கட்ட வேண்டியிருந்த காலம் அது. ஏழைக் கல்லூரிகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தியாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆர் இலவசம்தான்; சுலபமல்ல. புள்ளியியலாளர்கள் புள்ளியியலாளர்களுக்காக எழுதிய மொழி. ஒரே வேலையைச் செய்யப் பத்து வழிகள்; பத்தும் பத்து விதமாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்தன.

முனைவர் பட்டத்துக்காக அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போன விக்கமுக்கு அங்கே ஒரு உபரி வேலை. மற்ற துறை ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் விவரங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்; அவற்றைப் பகுத்தாய உதவ வேண்டும். கணக்குப் போடுவது ஐந்து நிமிட வேலை. வந்த அட்டவணையைக் கணக்குப் போடும் நிலைக்குக் கொண்டுவருவதில்தான் நாள் கழியும். பாடப் புத்தகங்கள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அவற்றில் வரும் விவரங்கள் ஏற்கனவே குளித்து, தலைவாரி, பொட்டு வைத்துக்கொண்டு வந்தவை.

ஓர் உதாரணம். சென்னை, நாக்பூர், கொச்சி ஆகிய மூன்று ஊர்களின் மாதாந்திர மழை அளவு அட்டவணையாக வருகிறது. மூன்று வரிசை, ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு பத்தி. கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'மாதம்' என்ற விஷயம் அட்டவணையில் எங்கே? தலைப்புகளில் சிதறிக் கிடக்கிறது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஜனவரியும் பிப்ரவரியும் சம்பந்தமே இல்லாத இரு பத்திகள். இதையே ஊர், மாதம், மழை என்று மூன்று பத்திகளாக்கினால் 36 வரிசைகள் வரும். பார்க்க நீளம். ஆனால் எந்தக் கேள்வியையும் கேட்கலாம்: எந்த மாதம் அதிக மழை, எந்த ஊரில் ஏற்ற இறக்கம் அதிகம். இந்த உருமாற்றத்துக்காக அவர் 2005-ல் எழுதிய 'ரீஷேப்' தொகுப்பும், அடுத்து வந்த வரைபடக் கருவியும், மாணவராக இருந்தபோதே அவருக்கு 2006-ன் ஜான் சேம்பர்ஸ் விருதைப் பெற்றுத் தந்தன. ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை என்ற விதியை 2014-ல் அவர் 'ஒழுங்கான தரவு' என்ற கட்டுரையாக்கினார். இவ்வளவு எளிமையான ஒன்றை எழுதிச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது என்பதுதான் வியப்பு.

வரைபடக் கருவியின் கதை இன்னும் சுவையானது. 1999-ல் லேலண்ட் வில்கின்சன் என்ற அமெரிக்கர் 'வரைபடங்களின் இலக்கணம்' என்று ஒரு புத்தகம் எழுதினார். பட்டை வரைபடம், வட்ட வரைபடம், புள்ளி வரைபடம் என்று பெயர்ப் பட்டியல் போடுவது அகராதி வேலை; இவை எல்லாவற்றுக்கும் அடியில் சில பொது உறுப்புகளும் அவை சேரும் விதிகளும் உண்டு என்பது அவர் வாதம். எழுத்து சொல்லாகி, சொல் தொடராவதைப் போல. அந்தப் பார்வையில் வட்ட வரைபடம் தனி இனமே அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒற்றைப் பட்டையை எடுத்து, நேர்கோட்டு அச்சுக்குப் பதில் வட்ட அச்சில் வளைத்தால் அதுதான் வட்ட வரைபடம். சொன்ன பிறகு மறக்க முடியாத விஷயம்.

புத்தகம் கடினமானது, அதைப் படித்துவிட்டு உடனே வரைந்து பார்க்கவும் ஆரில் கருவி இல்லை. விக்கம் அந்த இலக்கணத்தை ஆர் மொழிக்குள் கொண்டுவந்தார். அடுக்குகளாகக் கட்டும் முறையைச் சேர்த்தார்: முதலில் விவரம், அதன்மேல் புள்ளிகள், அதன்மேல் கோடு. முதல் வடிவம் திருப்தி தராமல், அடியோடு மாற்றி எழுதி 2007-ல் வெளியிட்டதுதான் 'ஜிஜிபிளாட்2'. பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் வில்கின்சனின் புத்தகத் தலைப்புக்குச் செலுத்திய கடன். நியூஸிலாந்துக்காரர் என்பதால் 'நிறம்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பிரிட்டிஷ் முறையில் எழுதினார். அமெரிக்க எழுத்துக்கூட்டலையும் கருவி ஏற்றுக்கொள்ளும்படி செய்தார். இந்தச் சின்ன மரியாதை அவர் கருவிகள் எல்லாவற்றிலும் உண்டு.

2008-ல் முனைவர் பட்டம். பிறகு ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அவருக்கு மட்டுமல்ல, கருவி செய்யும் எவருக்கும். பல்கலைக்கழகம் எண்ணுவது கட்டுரைகளை. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ஓட்டும் நிரலும், நாலு பேர் படிக்கும் கட்டுரையும் தராசில் ஏறினால் பெரும்பாலும் கட்டுரைத் தட்டே தாழும். மென்பொருளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கட்டுரை அச்சானால் வேலை முடிந்தது. மென்பொருள் வெளியான அன்றுதான் வேலை ஆரம்பம்: பிழை புகார்கள், கேள்விகள், அடுத்த பதிப்பு. அதற்கெல்லாம் எந்த உயர்வுக் குழுவும் மதிப்பெண் போடுவதில்லை.

சில ஆண்டுகளில் விக்கம் வகுப்பறையை விட்டு, ஜே.ஜே. அலேர் தொடங்கிய ஆர்ஸ்டூடியோ நிறுவனத்தில் தலைமை விஞ்ஞானியானார். இலவச மென்பொருளை ஒரு கையால் கொடுத்து, பெரிய அலுவலகங்களுக்கான சேவையை இன்னொரு கையால் விற்கும் நிறுவனம். முழுநேரமும் கருவி செய்யச் சம்பளம். விளைவு உடனே தெரிந்தது. 2014-ல் வெளிவந்த 'டிபிளையர்', அட்டவணை வேலைகளை ஒரு கைப்பிடி வினைச்சொற்களுக்குள் அடக்கியது: வடிகட்டு, தேர்ந்தெடு, வரிசைப்படுத்து, புதிதாகச் சேர், சுருக்கு. ஸ்டெஃபான் மில்டன் பாக்கே உருவாக்கிய 'குழாய்க்' குறியை இதோடு சேர்த்துக்கொண்டார்கள். அதுவரை ஆர் கட்டளைகளை உள்ளேயிருந்து வெளியே, வெங்காயத்தைப் பின்னோக்கி உரிப்பது போலப் படிக்க வேண்டும். குழாய் வந்த பிறகு நடந்த வரிசையில் படிக்கலாம். தமிழருக்கு இது பழகிய சுகம்: எழுந்து, குளித்து, உண்டு, புறப்பட்டான் என்று வினையெச்சங்களை அடுக்குவதேதான். 2021-ல் ஆர் மொழியே தனக்கென்று ஒரு குழாய்க் குறியைச் சேர்த்துக்கொண்டது.

ரசிகர்கள் இந்தக் கருவிகளின் கூட்டத்தை 'ஹாட்லிவெர்ஸ்' என்றார்கள். ஒரு மனிதரின் பெயரில் அது நிற்பதில் அவருக்கு விருப்பமில்லை. 2016 முதல் அது 'டைடிவெர்ஸ்'.

தொட்டதெல்லாம் துலங்கியது என்று சொல்ல முடியாது. ஜிஜிபிளாட்2-க்கு வாரிசாக, அசையும் வரைபடங்களுக்காக எழுதிய 'ஜிஜிவிஸ்' பாதியில் உறங்கிவிட்டது. ரீஷேப்புக்குப் பின் வந்த உருமாற்றக் கட்டளைகளின் பெயர்கள் எத்தனை பேரைக் குழப்பின என்றால், ஒவ்வொரு முறையும் கையேட்டைப் புரட்ட வேண்டியவர்களில் தானும் ஒருவன் என்று விக்கமே எழுதினார். 2019-ல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய பெயர்களில் புதிய கட்டளைகள் வந்தன. ஆனால் பழையவற்றை நீக்கவில்லை. நீக்கவும் முடியாது: எங்கோ ஒரு மருத்துவமனையில், யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன நிரல் அவற்றை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். ஆர் மொழியின் பொதுக் களஞ்சியத்தில் 20,000-க்கும் மேற்பட்ட தொகுப்புகள் உள்ளன. அடியில் ஒரு கல்லை அசைத்தால் மேலே எத்தனை ஆடும் என்று பார்த்துத்தான் அசைக்க வேண்டும். பெயர் வைப்பது சுலபம், வைத்த பெயரை மாற்றுவது கஷ்டம்.

எதிர்ப்பும் இருக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகப் பேராசிரியர் நார்மன் மாட்லாஃப் வெளிப்படையாகவே கேட்டார்: நிரல் எழுதிப் பழகாத மாணவனுக்கு இது உண்மையில் சுலபமா, அல்லது இன்னொரு மொழியையே கற்கச் சொல்கிறதா? ஒரு தனியார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் ஒரு பொது மொழியின் பேச்சு வழக்கைத் தீர்மானிக்கலாமா? முதல் கேள்விக்கு ஆசிரியர்கள் இரு அணியாகவே நிற்கிறார்கள். இரண்டாவது கேள்வி கனமானது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது உண்மை. எது அடுத்து செய்யப்பட வேண்டும் என்று முடிவெடுக்கும் அறையில் இருப்பவர்கள் சிலர்தான் என்பதும் உண்மை. நிறுவனம் 2020-ல், லாபத்தோடு பொது நன்மையையும் கணக்கில் கொள்ளச் சட்டப்படி கடமைப்பட்ட அமைப்பாகத் தன்னை மாற்றிக்கொண்டது. சந்தேகக்காரர்கள் அதில் முழுதும் சமாதானமாகவில்லை. அதேசமயம், பல்கலைக்கழகங்கள் கருவி செய்பவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

2022-ல் ஆர்ஸ்டூடியோ நிறுவனம் 'பாசிட்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆர் மட்டும் போதாது, பைத்தான் மொழிக்காரர்களும் வேண்டும் என்பதற்கான அறிவிப்பு அது. அடுத்த ஆண்டே, பைத்தானில் விக்கமுக்கு இணையான இடம் வகிக்கும், 'பாண்டாஸ்' கருவியைப் படைத்த வெஸ் மெக்கின்னி அங்கே சேர்ந்தார். இருவரும் 2016-லேயே இரு மொழிகளுக்கும் பொதுவான ஒரு கோப்பு வடிவத்தைச் சேர்ந்து செய்தவர்கள்தான். வில்கின்சன் 2021-ல் காலமானார். அவரது இலக்கணத்திலிருந்து பிறந்த ஜிஜிபிளாட்2-ன் பராமரிப்பு இன்று தாமஸ் லின் பெடர்சன் கையில். விக்கம் இப்போது செயற்கை நுண்ணறிவு மாதிரிகளோடு ஆர் பேசுவதற்கான 'எல்மர்' என்ற தொகுப்பை எழுதிக்கொண்டிருக்கிறார். அதுவும் இலவசம்.