காதுக்குள் ஓர் இரைச்சல்

புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசிமகத் தீர்த்தவாரி காணப் பெருங்கூட்டம் திரளும். இத்தகைய விழாக்களில் ஒலிபெருக்கிக்கும் வெடிக்கும் அருகில் நின்றவர்க்கு, வீடு திரும்பிய பின்னரும் காதில் 'கொய்' என்னும் இரைச்சல் கேட்பதுண்டு. வெளியில் ஒலியில்லாதபோது கேட்பது எது?

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற பகுதியில் உள்ள நுண்மயிர்ச் செல்கள், ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. பேரொலி அவற்றைத் தளரச் செய்கிறது. குறைந்த செய்தியை ஈடுசெய்ய முயலும் மூளை, இல்லாத ஒலியை இருப்பதாக உணர்கிறது. காதுக்கு ஓய்வளித்தால் இவ்விரைச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். ஆனால், மீண்டும் மீண்டும் தாக்குண்டு இறந்த செல்கள் மனிதரிடம் மறுபடி வளர்வதில்லை.

85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் காது தாங்கும் என்பர். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும். எனவே 100 டெசிபலுக்கு 15 நிமிடமே எல்லை.

இரைச்சல் நீடித்தால் அதனையே உற்றுக் கேட்டல் கூடாது. மின்விசிறியின் ஒலி, மெல்லிசை போன்றவை அதனை மறைக்கும். பிரெஞ்சு மருத்துவர் இட்டார், எரியும் விறகின் ஒலியை இதற்குப் பயன்படுத்தலாம் என 1821இலேயே எழுதினார். காதில் எண்ணெய் விடுதல் தீர்வாகாது. கேட்கும் திறன் திடீரெனக் குறைந்தால், அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும்.