ஆறு மைக்ரோகிராமும் மூன்று மைக்ரோகிராமும்

புதுச்சேரிக்கு மேற்கே காட்டேரிக்குப்பம் முதலிய கிராமங்களில், 2021-ஆம் ஆண்டில் கொரோனாத் தடுப்பூசிக்குக் கையை நீட்டியவர்களுள் கோவாக்சின் போட்டுக்கொண்டவர் எவராயினும், ஒவ்வொரு தவணையிலும் அவர் சரீரத்தில் ஏறியது அரை மில்லி லிட்டர் திரவமும், அதில் அடங்கிய ஆறு மைக்ரோகிராம் அளவான, செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸுமே ஆகும். மூன்று மைக்ரோகிராம் போதாதா, பாதி மருந்தில் இரு மடங்கு ஜனங்களுக்குப் போட்டிருக்கலாமே என்று கேட்பவர் உண்டு, கேட்பது நியாயமும்கூட. அந்தக் கேள்விக்கு விடையாக நின்றது ஒரு விகிதம். அந்த விகிதத்தைக் கணக்கிடும் முறை சாமானியர்க்கும் விளங்கக்கூடியதே.

ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் புணேயிலுள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தோடும் கூடி உருவாக்கிய இத்தடுப்பூசியின் முதற்கட்டப் பரிசோதனையில் 375 பேர் கலந்துகொண்டனர். அதை நடத்திய 11 மருத்துவமனைகளுள் நம் காட்டாங்கொளத்தூர் மருத்துவமனையும் ஒன்று. இரண்டாம் கட்டத்தில் 12 முதல் 65 வயது வரையுள்ள 380 பேரை இரு பாதியாக்கி, ஒரு பாதிக்கு மூன்றும் மறு பாதிக்கு ஆறும் மைக்ரோகிராமாக, 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை போட்டு, 56-ஆம் நாளில் ரத்தத்தைச் சோதித்தார்கள். வைரஸைத் தடுக்கும் ஆற்றல் போதிய அளவு பெருகியிருந்தவர்கள் மூன்று மைக்ரோகிராம் கூட்டத்தில் நூற்றுக்கு 92.9, ஆறு மைக்ரோகிராம் கூட்டத்தில் 98.3. இவ்வளவோடு நிறுத்தியிருந்தால், இரண்டும் ஏறக்குறைய சமம் என்றே யாரும் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். ஆற்றல் பெருகியதா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு பெருகியது என்பது வேறு கேள்வி.

அந்த இரண்டாவது கேள்விக்குச் சோதனைக்கூடத்தில் விடை காணும் விதம் இது: ஒருவருடைய ரத்தத்தின் சீரத்தைப் பத்து மடங்கு, இருபது மடங்கு, நாற்பது மடங்கு, எண்பது மடங்கு என இரட்டித்துக்கொண்டே நீர்க்கச் செய்து, எத்தனை மடங்கு நீர்த்த பின்னும் அது வைரஸில் பாதியை முடக்குகிறது என்று பார்க்கிறார்கள். கிடைக்கும் எண்கள் கூட்டலால் வளர்வதில்லை, பெருக்கலால் வளர்கின்றன. ஐந்து பேருடைய எண்கள் 20, 40, 80, 160, 2560 என்று வைத்துக்கொள்வோம். இவற்றைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 572 வருகிறது. ஐவரில் நால்வர் அந்தச் சராசரிக்கு வெகு கீழே நிற்க, ஒரே ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஐந்து எண்களையும் பெருக்கி ஐந்தாம் படி மூலம் எடுத்தாலோ ஏறத்தாழ 121 வருகிறது. பள்ளிப் புத்தகம் பெருக்குச் சராசரி என்று கற்பித்தது இதுவே. அந்தக் கூட்டத்தின் உண்மையான நடுவை இது காட்டுகிறது.

கோவாக்சின் பரிசோதனையில் ஆறு மைக்ரோகிராம் கூட்டத்தின் பெருக்குச் சராசரி 197.0, மூன்று மைக்ரோகிராம் கூட்டத்தின் பெருக்குச் சராசரி 100.9. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.95. மருந்து இரட்டித்தபோது எதிர்ப்பாற்றலும் ஏறக்குறைய இரட்டித்தது.

வெறும் வகுத்தல்தானே, இதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். 1.95 என்பது இந்த 380 பேரிடம் கண்ட எண். வேறு 380 பேரிடம் அது எவ்வளவு நகரும் என்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். அந்த எல்லையைக் காண்பதில்தான் கற்றவர்களும் இடறுகிறார்கள். 197.0-க்கு எல்லைகள் 155.6-உம் 249.4-உம், 100.9-க்கு 74.1-உம் 137.4-உம் என்று பிரசுரமாகியிருக்கின்றன. கீழெல்லையைக் கீழெல்லையால் வகுத்தால் 2.10, மேலெல்லையை மேலெல்லையால் வகுத்தால் 1.82, கீழெல்லை மேலெல்லையைவிடப் பெரிதாகிவிடும் விபரீதம்! முறையான வழி மடக்கை வழியே. ஒவ்வொருவருடைய எண்ணையும் மடக்கையாக மாற்றி, இரு கூட்டங்களின் சராசரி மடக்கைகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தையும் அதன் எல்லைகளையும் கண்டு, இறுதியில் எதிர்மடக்கை எடுத்தால் விகிதம் கிடைத்துவிடும். ஏனெனில் மடக்கையுலகில் கழித்தல் என்பது இவ்வுலகில் வகுத்தல். பிரசுரமான எல்லைகளைக்கொண்டு நான் இவ்வாறு கணக்கிட்டதில், விகிதம் ஏறக்குறைய 1.3-க்கும் 2.9-க்கும் இடையே நிற்கிறது. ஒன்று என்னும் எண் அதற்குள் அடங்கவில்லை. ஆகவே இரு அளவுகளும் சமம் என்னும் வாதம் நிற்காது.

இந்த வேலையை ஆர் என்னும் இலவச மென்பொருள் இரண்டு மூன்று வரிக் கட்டளைகளில் முடித்துவிடும். ஆனால் அது கேட்டதைச் செய்யுமேயன்றி, கேட்டது சரிதானா என்று விசாரியாது. ஆர் மென்பொருளில் லாக் என்று இட்டால் வருவது இயல்மடக்கை. எக்ஸெலில் அதே சொல்லை இட்டால் வருவது பத்தை அடியாகக் கொண்ட மடக்கை. நம் கணக்கில் இயல்மடக்கை வித்தியாசம் 0.669. அதைக் கைதவறிப் பத்தின் படியாகத் திருப்பினால் 1.95 என்பது 4.7 ஆகிவிடும், கணினி முகம் சுளிக்காமல் அதையும் அச்சிட்டுத் தரும். முதல் நீர்த்தலிலேயே ஆற்றல் புலப்படாதவருக்குப் பூஜ்யம் என்று குறித்து வைத்தாலும் தொல்லைதான், பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. ஆதலால் சோதனை காணக்கூடிய கீழ்வரம்பில் பாதியை அவருக்குப் போட்டுக்கொள்வது ஒரு சம்பிரதாயம். அதை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் நேர்மை என்பது என் அபிப்பிராயம்.

ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் இரட்டித்ததால் நோயும் பாதியாகக் குறையும் என்று இந்த விகிதம் சொல்லவில்லை. நோய் குறைகிறதா என்பதை அறிய 25,798 பேரைக்கொண்டு மூன்றாம் கட்டம் நடந்தது. ஆறு மைக்ரோகிராம் மட்டுமே போட்ட அந்தக் கட்டத்தில், தடுப்பூசி பெற்றவர்களில் 24 பேரும் போலி ஊசி பெற்றவர்களில் 106 பேரும் நோயின் அறிகுறிகளோடு வந்தார்கள்; நூற்றுக்கு 77.8 என்னும் பாதுகாப்பு மதிப்பீடு அந்தத் தலைகளை எண்ணியே பெறப்பட்டது, அங்கே மடக்கைக்கு வேலை இருக்கவில்லை.