பதின்மூன்று நாளில் வந்த சட்டம்

2020 ஏப்ரல் 13. கொரோனா தொற்றுக்காகச் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டிருந்த நெல்லூர் மருத்துவர் ஒருவர் இறந்துபோனார். எரியூட்டுவதற்காக அவருடைய உடல் அம்பத்தூர் மயானத்துக்குக் கொண்டுவரப்பட்டது. செய்தி பரவியதும் சுற்றுவட்டார மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். உடல் வந்த வழியே திரும்பியது. பிறகு வேறிடத்தில்தான் எரியூட்ட முடிந்தது.

ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 19 இரவு, நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் உடலுக்கும் இதே கதி. கீழ்ப்பாக்கம் கல்லறைக்குப் போக முடியாமல் அண்ணா நகர் வேலங்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, ஓட்டுநர்களுக்கு ரத்தக் காயம். சக மருத்துவர் பிரதீப் குமார் மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியதாயிற்று.

நாடே பதறியது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. கண்ணியமாக அடக்கம் செய்யப்படுவதும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேரும் என்றது. ஏப்ரல் 26 அன்று தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அறிவிக்கப்பட்ட தொற்றுநோயால் இறந்தவரின் உடலை அடக்கம் செய்யவோ எரியூட்டவோ தடுத்தால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. அம்பத்தூரில் உடல் திரும்பிப் போன பதின்மூன்றாம் நாள் சட்டம் கைக்கு வந்துவிட்டது.

நல்ல சட்டம்தான். நோயாளியைக் காக்கப் போய் உயிர்விட்ட மருத்துவரின் உடலைத் தெருவில் நிறுத்துவது கொடுமை. அந்தக் குடும்பங்களின் வலி நமக்குப் புரியும். நம்மைவிட நன்றாக அது யாருக்குப் புரியும்?

நம் கணக்கு

பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அது அரசிதழில் ஏறியது. சுடுகாட்டையோ இடுகாட்டையோ பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டமே சொல்லிவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இது தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டு 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

அதே 2016 ஜனவரியில் நாகை மாவட்டம் திருநாள்கொண்டச்சேரியில் நடந்தது நினைவிருக்கிறதா? தலித் முதியவர் ஒருவரின் உடலைப் பொதுத் தெரு வழியே கொண்டுசெல்லலாம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு கையில் இருந்தும் தெரு திறக்கவில்லை. காவல்துறையே உடலை எடுத்துக்கொண்டுபோய் வேறு வழியில் அடக்கம் செய்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாதை கிடைக்காமல், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அப்போதும் நீதிமன்றம் தாமாக வழக்கை எடுத்தது.

ஆக, அரசுக்கு மனம் வந்தால் பதின்மூன்று நாள் போதும். நம் பிணத்துக்கு வழிவிடச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. அதை நடத்திக்காட்டும் கைதான் இல்லை.

பயம் முந்தியது, விளக்கம் பிந்தியது

அம்பத்தூரில் திரண்டவர்களை மனிதாபிமானம் இல்லாதவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அவர்கள் கையில் என்ன தகவல் இருந்தது என்று யாராவது கேட்டோமா?

மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவில் நாடு பூட்டப்பட்டது. நான்கு மணி நேர அவகாசம். போனை எடுத்தால் இருமல் சத்தம், டிவியைப் போட்டால் எண்ணிக்கை. பயம் வீடுவீடாக வந்து சேர்ந்தது. ஆனால், இறந்தவர் உடலை எப்படிக் கையாள வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் மார்ச் 15 அன்றே வழிமுறை வெளியிட்டிருந்தது. கசியாத பையில் சுற்ற வேண்டும், கூட்டம் கூடாது, சாம்பலால் ஆபத்து இல்லை என்றெல்லாம் அதில் தெளிவாக இருந்தது. ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளை மயானத்து வாசலில் குடியிருப்பவருக்கும், உள்ளே வேலை செய்பவருக்கும் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு மாதம் இருந்தது. சொல்லியிருந்தால் அந்த மருத்துவரின் உடல் திரும்பியிருக்காது. சொல்ல வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டு, தண்டிக்கும் சட்டத்தை மட்டும் விரைவாகக் கொண்டுவந்தார்கள்.

ஒரு சொல் செய்த வேலை

அந்த நாட்களில் எல்லாச் சுவரிலும் ஒரு சொல் இருந்தது: சமூக விலகல். கொஞ்ச நாளில் சமூக இடைவெளி ஆனது. நோய் பரவாதிருக்க உடலும் உடலும் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குச் சமூகம் ஏன் விலக வேண்டும்? ஊரும் சேரியுமாகச் சமூகம் விலகியே கிடக்கும் நாட்டில் அந்தச் சொல் அரசாங்க முத்திரையோடு வந்தது. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் 'உடல்ரீதியான இடைவெளி' என்று சொல்லத் தொடங்கியது. இங்கே 'தனிமனித இடைவெளி' என்ற சொல் புழக்கத்துக்கு வர நாளாயிற்று.

தொற்று வந்த வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். நோயாளிக்கு உதவும் ஏற்பாடு அக்கம்பக்கத்தார் கண்ணுக்கு ஒதுக்கும் அடையாளமாகத் தெரிந்தது. கதவில் ஸ்டிக்கர் ஒட்டத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2020 டிசம்பர் ஆகிவிட்டது. ஒரே அறையில் ஐந்தாறு பேர், பத்து வீட்டுக்கு ஒரு குழாய், பொதுக் கழிப்பறை என்று வாழும் தெருவில் ஆறடி இடைவெளியை எங்கே போய் அளப்பது? இந்தக் கேள்விக்கு எந்த அறிவிப்பிலும் பதில் இல்லை.

வெளியே நின்றவர்கள்

வீட்டுக்குள் இருங்கள் என்ற உத்தரவு எல்லாருக்கும் பொதுவானது அல்ல. குப்பை அள்ள, சாக்கடை பார்க்க, பிணம் எரிக்க ஆள் வேண்டும். அந்த ஆட்களில் பெரும்பகுதி நம் தெருக்களிலிருந்து போனவர்கள். 2020 மார்ச்சில்தான் 'துப்புரவுப் பணியாளர்' இனி 'தூய்மைப் பணியாளர்' என்று அழைக்கப்படுவார் என்று அரசு அறிவித்தது. பெயர் மாறியது நல்லதே. ஒப்பந்தக்கூலி என்ற நிலை மாறவில்லை. கைதட்டியும் விளக்கேற்றியும் பாராட்டியவர்கள் பணி நிரந்தரம் என்று கேட்டபோது காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆவடி, அம்பத்தூர், திருநின்றவூர்க்காரர்களுக்கு மின்சார ரயில்தான் சோறு போடும் தடம். மார்ச் 23 அன்று நின்ற புறநகர் ரயிலில் பொதுமக்கள் எல்லாரும் ஏற டிசம்பர் கடைசி ஆயிற்று. அதுவும் கூட்ட நேரம் தவிர்த்துத்தான். தொழிற்பேட்டையில் நாட்கூலிக்குப் போனவரும், வீட்டு வேலைக்குப் போன அக்காமாரும் இடைப்பட்ட மாதங்களில் என்ன செய்தார்கள்? ஜூன் 19 முதல் சென்னையையும் சுற்றுப்புறங்களையும் மறுபடி பூட்டியபோது குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் தந்தார்கள். ஒரு குடும்பத்தின் வாடகைக்கே அது காணாது. கோயம்பேட்டிலிருந்து திருமழிசைக்குச் சந்தை மே மாதம் மாறியபோது மூட்டை தூக்கப் போனவர்கள், நோய் பயத்தையும் மழைச் சேற்றையும் சேர்த்தே சுமந்தார்கள்.

அடுத்த முறைக்கு

இன்னொரு தொற்று வராது என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால் இப்போதே கேட்டு வைப்போம். மயானத்திலும் குப்பைக் கிடங்கிலும் வேலை செய்பவருக்கு முதல் நாளே தமிழில் விளக்கமும், உறையும், முகக்கவசமும் தர வேண்டும். அவர்கள் நோயுற்றாலோ இறந்தாலோ நிரந்தர ஊழியருக்குரிய அத்தனையும் அவர்கள் குடும்பத்துக்கு வேண்டும். கட்டுப்பாடு அறிவிக்கும் அதே ஆணையில் கூலி இழப்புக்கான தொகையும் எழுதப்பட வேண்டும். நோய் பற்றிய எச்சரிக்கையைக் கிராம சபையிலும் தெருக்கூட்டத்திலும் சுகாதார ஊழியர் நேரில் வந்து சொல்ல வேண்டும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர் மயானத்துக்குப் போகும் பாதை எது, அது வருவாய்த்துறைப் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது, எல்லாருக்கும் ஒரே மயானமா என்று விசாரித்து எழுதுங்கள். பாதை இல்லையென்றால் ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். மருத்துவருக்குப் பதின்மூன்று நாளில் கிடைத்த நியாயம் நம் ஊர்ப் பாட்டிக்கும் கிடைக்க வேண்டும். மனு எண்ணோடு போய் நின்றால், தெரியாது என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது.